கொத்தனாரைப் பார்க்காத ஆஸ்பத்திரி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது எட்ட இருந்து கேட்டால் பொய் மாதிரி இருக்கும், பக்கத்தில் இருந்து கேட்டால்தான் நடந்தது நடந்தபடி காதில் விழும். காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் எழுந்து போகக் கூடாது.

அமெரிக்கா தேசத்தில், மக்காச்சோளம் விளைகிற ஒரு சீமையில், லைமன் என்று ஒரு கட்டடத் துரை இருந்தார். கட்டடத் துரை என்றால் கல் எடுத்து வைக்கிறவர் இல்லை. எந்தக் கல் எங்கே இருக்கவேண்டும் என்று தாளில் கோடு போட்டுக் காட்டுகிறவர். நாற்பத்தாறு வயசு வரைக்கும் அந்தத் தேசத்தில் அவர் கோடு போட்டு எழும்பினது மூன்றே மூன்று: ஒரு குதிரைக் கொட்டாரம், ஒரு தானியக் களஞ்சியம், பூங்காவில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் உட்கார எட்டுக்கால் மண்டபம் ஒன்று. குதிரைக் கொட்டாரத்தில் மோட்டார் வண்டி புகுந்துகொண்டது. களஞ்சியத்தைச் சூறாவளி தூக்கிப்போனது. மண்டபத்தில் வாசிக்கிறவர்களுக்கும் சரி, கேட்கிறவர்களுக்கும் சரி, இதைக் கட்டினது யார் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. தெருவில் போனால் இன்னார் என்று திரும்பிப் பார்க்க ஓர் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவருக்குத்தான், கடல் தாண்டிக் கரிசல்காட்டில் ஓடைக்கரைப்பட்டி என்கிற ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டித் தர முடியுமா என்று மிஷன்காரர்களின் கடுதாசி போனது. போன கடுதாசிக்குப் பதில் எழுதாமல் அவரே கப்பல் ஏறி வந்துவிட்டார்.

வந்தவர் கோடு போடவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைப் பொட்டலில் விரித்துப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் சுமந்து வருகிற பெண்கள் எந்த இடத்தில் குடத்தை இறக்கி மூச்சு வாங்குகிறார்கள், சித்திரை வெயிலில் தெருநாய்கள் எந்த இடம் பார்த்துப் படுக்கின்றன, வயிற்றுப்பிள்ளைக்காரி நடந்து வந்தால் எத்தனை எட்டில் இடுப்பில் கை வைக்கிறாள் என்று பார்த்தபடி இருந்தார். நாலாம் நாள்தான் தாளை விரித்தார். நாய் படுத்த இடத்தில் தாழ்வாரம் வந்தது. குடம் இறக்கின இடத்தில் வாசல் வந்தது.

கட்டினவர் வெயிலுகந்தான் கொத்தனார். ஏழூர் வட்டகையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்து அவர் பூசின சுவரில் பொம்பளைகள் முகம் பார்த்துப் பொட்டு வைப்பார்கள். அவர் பெண்சாதி சீனித்தாய்தான் அவருக்குச் சித்தாள். அவர் கை நீட்டுமுன்னால் இவள் சாந்துச் சட்டி நீளும். அவர் கோபப்படுமுன்னால் இவள் சிரித்துவிடுவாள். இரண்டு வருஷம், ஒரு மழைக்காலம் விடாமல், புருஷனும் பெண்டாட்டியும் கல்லும் சாந்துமாய் வளர்த்துக் கொண்டுவந்தார்கள். துரை ஒரு கல்லைத் தொட்டதில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதோடு சரி.

திறப்பு விழா அன்று கொத்தனாருக்குக் கோடி வேட்டியும் உருமாலும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டின கட்டடத்தின் வாசலுக்கு எதிரே நின்று, அதன் முகம் பார்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலுகந்தான் குளித்து, திருநீறு பூசி, வாசலைப் பார்த்து நின்று, உருமால் கட்டத் தலையைக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, வெயில் தாங்காத துரை வேப்பமரத்து நிழலுக்கு ஒதுங்கினார். ஆஸ்பத்திரி அவர் போன பக்கம் திரும்பியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கன்று போகிற பக்கம் எருமை கழுத்தைத் திருப்புமே, அந்த நிதானம். தூணும் படியும் வாசலும் ஓட்டுக்கூரையும் ஒன்றாய்ச் சேர்ந்து திரும்பி, வேப்பமரத்தைப் பார்த்து நின்றன. ஒரு கீறல் இல்லை. கொத்தனார் தலை நிமிர்ந்தபோது அவர் எதிரே இருந்தது ஆஸ்பத்திரியின் பின்சுவர்.

"திரும்புது" என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

"திரும்பட்டும், இலையைப் போடுங்கப்பா, நேரமாச்சு" என்றார் இன்னொருத்தர்.

அவ்வளவுதான். ஊர் அதை வாங்கி வைத்துக்கொண்டது, புது மருமகளின் கோணல் பல்லை வாங்கி வைத்துக்கொள்வதுபோல. துரை காலையில் ஓடைப்பக்கம் நடந்தால் ஆஸ்பத்திரி ஓடையைப் பார்க்கும், சாயந்தரம் கோயில் பக்கம் நடந்தால் கோயிலைப் பார்க்கும். அது சுற்றுகிற வட்டத்துக்கு வெளியே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குள்ளே ஆடு கட்டக் கூடாது என்று தண்டோராப் போட்டார்கள். "மழை உண்டா?" என்று கேட்பதுபோல "வாசல் இன்னைக்கு எங்கிட்டு?" என்று கேட்டுக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள். ஜோசியர் ஐந்து நாள் யோசித்து, பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி பார்த்த திசையையும் ஜாதகத்தில் எழுதுவது என்று முடிவு பண்ணினார்; வடக்குப் பார்த்துப் பிறந்தவனுக்குத் தெற்குப் பார்த்துப் பிறந்தவளைக் கொடுக்கலாமா என்று கல்யாணப் பேச்சில் ஒரு புதுச்சண்டையும் சேர்ந்துகொண்டது. துரை மதுரைக்குப் போனால் மூன்று நாளும் அது வடக்குப் பார்த்தபடி கிடக்கும்; லேசாக அசையத் தொடங்கினால் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டுவார்கள். ஞானப்பூ நர்சம்மாள் மட்டும்தான் திட்டுவாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தொரை, ஒரு அரை மணி நேரம் உக்காந்த இடத்துல உக்காருங்க, உள்ள தையல் போடணும்!" என்பாள். துரை ஓடிப்போய் வேப்பமரத்தடியில் ஆடாமல் அசையாமல் உட்காருவார்.

எல்லோருக்கும் பழகிப்போனது. ஒருத்தருக்குப் பழகவில்லை.

வெயிலுகந்தான் கொத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே போய் நின்றார், அது பார்க்கவில்லை. சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை ஆட்டிக்காட்டினார், பார்க்கவில்லை. துரைக்குப் பக்கத்திலேயே நடந்து பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது தன்னைப் பார்க்கிறதா அவரைப் பார்க்கிறதா என்று தெரியாமல் கொஞ்ச தூரம் சந்தோஷமாக இருந்தது, பாதை பிரிந்ததும் அதுவும் போனது. ஒருநாள் துரை பெஞ்சில் மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, துரை மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி பாதிதூரம் திரும்பியது. அப்புறம் ஆள் வேறு என்று கண்டுகொண்டு, முகத்தை வெட்டித் திரும்பிக்கொண்டது. கிணற்றடியில் இருந்த பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் ஒரு குடம் உடைந்தது.

"கல்லுச் சொமந்தது நான். சுண்ணாம்புல கை வெந்தது நான். கோடு போட்டவனைப் பாத்துல்லா திரும்புது!" என்று வீட்டில் வந்து குதித்தார்.

"பெத்தவன் வீட்டுல கெடக்க, பேரு வச்சவன் பின்னால போற பிள்ளை ஊருல இல்லையா?" என்றாள் சீனித்தாய். "வெளியாளு வந்தாத்தான் நாய் தலையைத் தூக்கும். வீட்டாளு வந்தாக் கண்ணைக்கூடத் தெறக்காது. நீங்க வீட்டாளு, சாப்பிடுங்க."

"என்னை நாய்க்குச் சோறு வைக்கிறவனாக்கிட்டியா?"

"ஒங்களுக்கு வச்ச சோறு ஆறுது, அதைப் பாருங்க."

அவள் சொன்னது அவருக்கு ஆறுதலாக இல்லை. பொறாமை என்பது கண்ணில் விழுந்த சுண்ணாம்பு மாதிரி. கசக்கினால் கூடும், கசக்காமல் இருக்கவும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. ஊரில் யாரும் அதை மிஷன் ஆஸ்பத்திரி என்றோ துரை ஆஸ்பத்திரி என்றோ சொல்லவில்லை. அந்தத் துரையின் பேர் எங்கள் வாயில் நிற்கவில்லை. வெயிலுகந்தான் ஆஸ்பத்திரி என்றுதான் பேர். பத்து மைல் தள்ளி வண்டி கட்டி வருகிறவர்கள் துரையிடமே, "ஐயா, வெயிலுகந்தான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?" என்று வழி கேட்பார்கள். துரை கையைக் காட்டுவார். காட்டிவிட்டுத் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஒருநாள் காலையில் தாழ்வாரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது துரை சொன்னார். அவர் தமிழ் படித்தது வேதப்புஸ்தகத்தில், அதனால் பேச்சு அப்படித்தான் இருக்கும். "கொத்தனாரே, நான் உம்மேல் எரிச்சலாயிருக்கிறேன். என் தேசத்திலும் என் நாமத்தை ஒருவனும் அறியான். இங்கேயும் அறியான். உம்முடைய நாமமோ எல்லா வாயிலும் இருக்கிறது."

கொத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேரை வச்சு என்ன தொரை பண்ண? அது ஒங்களைல்லா பாக்குது!"

"அதற்கு வாயில்லையே" என்றார் துரை.

ஒருத்தருக்குக் கிடைத்ததை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க வழியில்லை. அந்த வாரமே துரையின் அண்ணன் இறந்துபோனதாகவும் நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை என்றும் கடுதாசி வந்தது. துரை நாற்காலியை மடக்கினார்.

அவர் வண்டி ஏறிப் போன அன்றைக்கு வெயிலுகந்தான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "இனி எங்க போகும்? என்னைத்தான் பாத்தாகணும்" என்றார். ஆஸ்பத்திரி தூத்துக்குடியைப் பார்த்து நின்றது. பிறகு கொழும்பைப் பார்த்தது. பிறகு மெல்ல மெல்ல மேற்கே திரும்பியது. திரும்பி நின்ற எட்டாம் நாள், தலையைத் தாழ்த்த ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மருந்துக் குப்பிகள் வாசலைப் பார்த்து உருண்டன. தொட்டிலெல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நின்றன. பாக்கியநாதன் வாத்தியார்தான் ஒரு நார்த்தங்காயைக் கொண்டுவந்து, அதில் இரண்டு முள்ளைக் குத்திக்காட்டினார். "இந்த முள்ளு நாம. கீழ இருக்கிற இந்த முள்ளு அமெரிக்கா. தொரை கப்பல்ல போகப் போக, பூமி உருண்டைங்கிறதால, நமக்குக் காலுக்கடியில போறாரு. அது அவரைப் பாக்கணும்னா குனிஞ்சுதானே பாக்கணும்?"

ஊர் நார்த்தங்காயைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தது. நியாயம்தான் என்று பட்டது. நாளுக்கு ஒரு விரற்கடை முன்வாசல் தாழ்ந்தது, பின்சுவர் தூக்கியது. துரை ஊர் போய்ச் சேர இன்னும் பதினைந்து நாளாகும், அதற்குள் ஆஸ்பத்திரி முகம் குப்புற விழுந்துவிடும் என்று வாத்தியார் கணக்குச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஒவ்வொருத்தியாய் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஒருத்தியை மட்டும் அனுப்ப முடியவில்லை. கடைசிக் கட்டிலில் படுத்திருந்தவள் பூரணம், வெயிலுகந்தான் கொத்தனாரின் ஒரே மகள். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், இது மூன்றாவது, எட்டு மாசம். ஞானப்பூ நர்சம்மாள் கட்டிலை வண்டிக்கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டு வெளியே வந்து சொன்னாள்: "கொத்தனாரே, அவளை அசைச்சா பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. கட்டடத்தை அசையாமப் பண்ணுங்க. ஒங்க கை கட்டினதுதானே?"

கொத்தனார் பனைமரத்தை வெட்டி முட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் பல்குச்சி மாதிரி ஒடிந்து கிடந்தது. இரண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார், அதுவும் ஒடிந்தது. பிறகு வாசலுக்கு எதிரே மண்ணில் மண்டிபோட்டு, "ஏ தாயி, ஒன்னை வளத்தவன் இங்க இருக்கேன், ஒருதடவை ஏறிட்டுப் பாரு தாயி" என்று அழுதார். மூன்று வருஷமாய் அவருக்கு அது தன்னைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது ரோஷத்துக்காக, இப்போது மகளுக்காக. கல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். அது மண்ணுக்குள்ளே, கடலுக்கடியில், கப்பலில் போகிற ஒருத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீனித்தாய் வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற பிள்ளையைக் கெஞ்சிக் கூப்பிடுவாகளா? பிள்ளை வளத்திருந்தாத் தெரியும். நீங்க சுவரைத்தானே வளத்தீக. எதிர்வீட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வைக்கணும். ஒரு முத்தம் குடுக்கணும். அப்பப் பாருங்க, எங்கெங்க இருந்தோ ஓடியாரும்."

"என்னளா சொல்லுத?"

"பின்னால பொட்டல் கெடக்கு. வாசக்கால் நிறுத்துங்க. புதுசா ஒண்ணு கட்டுங்க."

"என்ன கட்ட?"

"என்னமோ கட்டுங்க. அது யாரு கேக்கப்போறா?"

அன்றைக்கே, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருபது எட்டு வைக்கிற தூரம் தள்ளி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். வேப்பமரத்தில் ஒரு வாசக்கால் செய்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, ஊரே திரண்டு மேளதாளத்தோடு தூக்கி நிறுத்தியது. பெண்கள் குலவை போட்டார்கள். கொத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை; மகள் கட்டிலில் கட்டுண்டு கிடக்கிறாள். சீனித்தாய் அவர் விலாவில் இடித்தாள். "கொஞ்சுங்க. சத்தமாக் கொஞ்சுங்க."

"எங்க ராசால்லா" என்றார் கொத்தனார், வாசக்காலைத் தடவிக்கொண்டு.

"இன்னும்."

"எங்க தங்கம்ல்லா, ஒன்னை மாதிரி ஒண்ணை நான் கட்டினதே இல்லை, முந்திக் கட்டினதெல்லாம் ஒரு கட்டடமா, ஒனக்குப் பூசப்போற சுண்ணாம்பு மாதிரி அதுக்குப் பூசினேனா, ஒனக்கு வைக்கப்போற தூணு மாதிரி அதுக்கு வச்சேனா..."

சொல்லிக்கொண்டு முதல் செங்கல்லை வைத்தார். ஞானப்பூ நர்சம்மாள் உள்ளேயிருந்து கூவினாள்: "குப்பி உருளுது! உள்பக்கமா உருளுது!"

தாழ்ந்த முன்வாசல் மண்ணை உதறிக்கொண்டு எழுந்தது. தூக்கியிருந்த பின்சுவர் இறங்கியது. தொட்டிலெல்லாம் நிமிர்ந்தன. பிறகு ஆஸ்பத்திரி, யாரும் கூப்பிடாமல், யாரும் நடக்காமல், தானாக அரைவட்டம் சுற்றி வந்து, வாசலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்ற வெயிலுகந்தானையும் அவர் வைத்த புதுக்கல்லையும் முறைத்துப் பார்த்தது. அந்தப் பார்வையை அவர் எத்தனை நாள் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்! கண்டதும் தெரிந்துகொண்டார். பொறாமைதான். கொத்தனார் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் இரண்டாவது கல்லை எடுத்தார்.

ஒரு மாசம் கழித்துப் பூரணத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஜாதகத்தில் ஜோசியர் "தாத்தாவைப் பார்த்து" என்று எழுதினார்.

"இதை முடிச்சுராதீங்க" என்று சீனித்தாய் சொல்லி வைத்தாள். "முடிஞ்சா இதுவும் பெரிய பிள்ளை ஆயிரும், அப்புறம் எதைக் காட்டி அதை இழுக்க? நாளுக்கு ஒரு கல்லு போதும்." அப்படியே நடந்தது. ஒருநாள் தவறினால் ஆஸ்பத்திரி தலையைத் தொங்கப்போட ஆரம்பிக்கும். ஒரு கல் வைத்துக் கொஞ்சினால் நிமிர்ந்துகொள்ளும். ஊர் இதையும் வாங்கி வைத்துக்கொண்டது. சுவரே இல்லாமல் பொட்டலில் நின்ற வாசக்கால் வழியாகத்தான் எல்லோரும் குனிந்து போனார்கள், வந்தார்கள். சுற்றிப் போனால் மரியாதை இல்லையாம். கொத்தனார் சதை போட்டார், பாட்டுப் பாடினார்.

துரையிடமிருந்து கடுதாசி வந்தது. அண்ணன் நிலத்தில் சோளம் போட்டிருப்பதாகவும், அங்கே யாரும் தம்மிடம் கோடு கேட்டு வரவில்லை என்றும் எழுதி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி: என் ஆஸ்பத்திரி எந்தத் திசையை நோக்கி இருக்கிறது? வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். கொத்தனாரை நோக்கி இருக்கிறது என்று எழுதி, வாசக்கால் கதையையும் ஒன்று விடாமல் எழுதிப் போட்டுவிட்டார்.

ஐந்து மாசம் கழித்து ஒரு நீளத் தகரக்குழாய் தபாலில் வந்தது. உள்ளே ஒரு தாள். விரித்தால் வீட்டுத் தரை பூராவும் அடைத்தது. அந்த ஒற்றை வாசக்காலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நீல மையிலும் சிவப்பு மையிலும் துரை ஒரு கட்டடம் வரைந்திருந்தார். காற்று எந்தப் பக்கம் நுழையும், நிழல் எப்படி நகரும், மழைத் தண்ணீர் எந்த வழியாய்ப் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கும் என்பதெல்லாம் கோட்டிலேயே கேட்டது. மக்காச்சோளக் காட்டில் உட்கார்ந்து ஒரு மனுஷன் எரிந்து எரிந்து வரைந்தது. அவர் ஆயுசிலேயே அழகானது. "ஈரம் படாம வைங்க, இந்த மை கரைஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் போனார்.

வெயிலுகந்தான் தாளின் ஓரத்தில் உட்கார்ந்தவர்தான். ஒருநாள் போனது, இரண்டு நாள் போனது. விரலால் கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தார். கல் வைக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஞானப்பூ நர்சம்மாள் தெருவில் நின்று கத்தினாள்: "கொத்தனாரே, எட்டுப் பேரு உள்ள இருக்காங்க, குப்பி உருளுது!"

"வாரேன், வாரேன்" என்றார், எழுந்திருக்காமல்.

"இதைக் கட்டவா போறீக?" என்று கேட்டாள் சீனித்தாய்.

"கட்டாமச் செத்தா என் கட்டை வேகாதுளா. பாரு, இந்தத் தூணைப் பாரு. இப்படி ஒரு தூணை எவன் நெனைப்பான்?"

"கட்டி முடிச்சா அது யாரைப் பாக்கும்?"

அதுவும் கோடு போட்டவரைத்தான் பார்க்கும். அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் பழைய சுண்ணாம்பு எரிச்சல் ஒரு பக்கமும், அந்தத் தூணின் அழகு ஒரு பக்கமும் மாறி மாறி வந்துபோனதை அவள் பார்த்தாள். "கட்டணும்" என்றார் கடைசியில், தாளைப் பார்த்தே. "நாளைக்கே ஆளு கூப்பிடணும்."

சீனித்தாய் சண்டை போடவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "போய் இன்னைக்கு ஒரு கல்லை வச்சுட்டு வந்து, தெம்பாப் பாருங்க. தாளு எங்க ஓடிரப்போகுது?" அவர் மனசில்லாமல் கரண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் தலை தெருமுனை தாண்டுகிறவரைக்கும் பார்த்திருந்துவிட்டு, சீனித்தாய் தொட்டிலில் கிடந்த பேரனைத் தூக்கினாள், பார்லித் தண்ணீரைச் சங்கு சங்காக வயிறு புடைக்கப் புகட்டினாள், இடுப்புத் துணியை உருவிப் போட்டாள், அந்தத் தாளின் நட்டநடுவில், வாசக்காலுக்கு நேராக, அவனை மல்லாக்கப் படுக்கப்போட்டாள்.